எம்.எஸ்ஸி. இயற்பியல் ப்ராஜெக்ட்: அரசு ஆய்வகமா, கம்பெனியா?

பொருநை_மதி:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். நான்காவது செமஸ்டரில் ப்ராஜெக்ட். எங்கள் துறையில் சீனியர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: துத்தநாக ஆக்சைடு நானோ துகள் தயாரிப்பது, சேம்பிளை வெளியே அனுப்பி எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு), எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்), யுவி (புற ஊதா நிறமாலை) எடுப்பது, வந்த டேட்டாவை ஆரிஜின் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து பைண்டிங் போடுவது. கருவியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ப்ராஜெக்ட் முடிந்துவிடுகிறது. அப்படி முடிக்க எனக்கு மனமில்லை.

இரண்டு வழி தெரிகிறது. கோயம்புத்தூரில் பெரியப்பா மகன் வேலை பார்க்கும் ஒரு தனியார் அளவுத்திருத்த ஆய்வகத்தில் (கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் இடம், காலிப்ரேஷன் லேப்) சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். இல்லையென்றால் கல்பாக்கம், காரைக்குடி, பெங்களூரு என்று அரசு ஆய்வகங்களுக்கு எழுதிப் பார்க்கலாம். பிஎச்.டி. செய்வேனா, வேலைக்குப் போவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த இரண்டில் எதற்குப் போனால் நல்லது? போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

கடலோரம்:

மதி, கோடைத் திட்டத்தையும் நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டையும் முதலில் தனித்தனியாகப் பாருங்கள். நீங்கள் முதலாண்டு என்பதால் இரண்டுக்குமே நேரம் இருக்கிறது.

கோடைக்கு: கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்டிபாக் என்று ஒரு கோடைப் பயிற்சி நடக்கும். இயற்பியல், வேதியியல் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கானது. இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள், அதாவது இப்போது உங்களை. அடுத்தது பெங்களூரு, டெல்லி, அலகாபாத் ஆகிய மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப். இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. நாட்டின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரிடமும் உங்களை அனுப்பலாம். ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் துறையில் இளம் விரிவுரையாளர் யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்திலும் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்குக் கோடைப் பள்ளி இருக்கிறது. அகாடமி விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறந்துவிடும். மார்ச்சில் தேட ஆரம்பிப்பவர்கள் கோட்டைவிடுவது இதனால்தான்.

நான் கல்பாக்கத்தில் ஒரு கோடை இருந்தேன். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஆய்வகம். திரவ நைட்ரஜனில் குளிர்வித்து ஒய்பிசிஓ மீக்கடத்தியின் மின்தடையை அளக்கும் வேலை. அதன் மின்தடை மறையும் வெப்பநிலை பாடப்புத்தகத்தில் 92 கெல்வின் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அங்கே குளிர்விக்கும்போது ஒரு எண், சூடாக்கும்போது வேறு எண். வெப்பமானி மாதிரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒட்டப்பட்டிருந்தது. வேகமாகக் குளிர்வித்தால் வெப்பமானி ஒரு வெப்பநிலையிலும் மாதிரி வேறொரு வெப்பநிலையிலும் இருக்கும். வேகத்தைக் குறைக்கக் குறைக்க இரண்டு வளைகோடுகளும் நெருங்கி வந்தன. அருகில் இருந்த விஞ்ஞானி விடையைச் சொல்லவே இல்லை, "வேகத்தை மாற்றிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று, அது பாதுகாப்பு வளாகம். அடையாளச் சான்று, கல்லூரிக் கடிதம் எல்லாம் சரிபார்த்துத்தான் அனுமதி. கைபேசி, பென்டிரைவ் பற்றி அவர்கள் சொல்லும் விதியை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். டேட்டாவை வெளியே எடுத்துவரவும் முறைப்படி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்:

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு அளவுத்திருத்தத் துறையில்தான் இருக்கிறேன். அதனால் கோயம்புத்தூர் வாய்ப்பைப் பற்றிச் சொல்கிறேன். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பம்ப் தயாரிப்பவர்கள், உணவுத் தொழிற்சாலை, மருந்துக் கம்பெனி என்று எல்லோருடைய வெப்பமானியும் அழுத்தமானியும் எங்களைப் போன்ற இடத்துக்கு வரும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்றால், கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழிலும் அளவின் கூடவே அதன் நிச்சயமின்மையையும், அதாவது அந்த அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும், எழுத வேண்டும். நாங்கள் ஒப்பிடப் பயன்படுத்தும் ஸ்டாண்டர்ட் வெப்பமானியை எங்களைவிடத் துல்லியமான ஆய்வகம் ஒன்று திருத்தியிருக்கும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரும்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு பிடி-100 வெப்பநிலை உணரியும் ஒரு ஐஸ் தொட்டியும்தான். பிளாட்டினம் கம்பி, 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். "ஐஸில் வைத்து 100 ஓம் வருகிறதா பார்" என்பேன். வராது. இரண்டு கம்பி இணைப்பில் அளந்தால் கம்பியின் மின்தடையும் சேர்ந்துவிடும். அரை ஓம் கூடினாலே வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் தவறாகக் காட்டும். சரி, நான்கு கம்பி இணைப்புக்கு மாற்றியாயிற்று. அப்போதும் கொஞ்சம் அதிகம். உணரியை ஆழமாக இறக்கவில்லை, அறையின் சூடு தண்டு வழியே உள்ளே இறங்குகிறது. ஆழமாக இறக்கினால் இன்னும் அதிகம்! இங்கேதான் பலர் திணறுவார்கள். ஐஸ் மேலே மிதக்கிறது, உருகிய நீர் அடியில் தேங்கியிருக்கிறது. நீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் உச்சம் என்பதால் அடியில் உள்ள நீர் 4 டிகிரி வரைகூடப் போகலாம். உணரியின் நுனி அந்த நீரில் இருக்கிறது. தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அரைத்த ஐஸை அடிவரை இறுக்கி நிரப்ப வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸாக இருக்க வேண்டும், உப்பு கலந்தால் உருகுநிலை இறங்கிவிடும்.

பத்தாம் வகுப்பில் படித்த நீரின் விசித்திர விரிவாக்கம் ஒருவர் கண்முன்னே ஓம் கணக்கில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும். அப்புறம் நிச்சயமின்மைப் பட்டியல் போடுவோம். திரும்பத் திரும்ப அளந்ததில் வரும் சிதறல் ஏ வகை. ஸ்டாண்டர்ட் கருவியின் சான்றிதழ், தொட்டியின் சீரின்மை, மீட்டரின் பிரிதிறன் இவையெல்லாம் பி வகை. எது பெரியது என்று பார்த்து அதைக் குறைக்க வழி தேடுவது முழுக்க முழுக்க இயற்பியல் வேலை.

குவாண்டம்_குமரன்:

அளவுகோல் அண்ணா, நீங்கள் சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனால் அதை ஆராய்ச்சி என்று சொல்ல முடியுமா? ஏற்கெனவே எழுதிவைத்த செய்முறையைப் பின்பற்றுவதுதானே? பிஎச்.டி. நேர்காணலில் "கம்பெனியில் தெர்மாமீட்டர் திருத்தினேன்" என்றால் யார் மதிப்பார்கள்? மதிக்கு என் ஆலோசனை, எப்படியாவது பெரிய நிறுவனத்தின் பெயர் பயோடேட்டாவில் வரட்டும். முதல் வடிகட்டலில் நம்மை உள்ளே விடுவது அந்தப் பெயர்தான். கிராமத்துக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு அது இன்னும் அவசியம். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அளவுகோல்:

தம்பி, பெயர் உதவும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கம்பெனி ஆய்வு என்றால் செய்முறையைப் பின்பற்றுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் கண்ணாடி, கட்டுமானப் பொருள் செய்யும் செயின்ட்-கோபெய்ன் கம்பெனி ஒரு முழு ஆராய்ச்சி மையமே வைத்திருக்கிறது. கண்ணாடிப் பூச்சு, வெப்பக் கடத்தல், ஒலித் தடுப்பு என்று அந்தத் தொழிலில் எதைத் தொட்டாலும் உள்ளே இயற்பியல்தான். எங்கள் மாதிரிச் சின்ன இடத்திலும் பழைய செய்முறை ஏன் இவ்வளவு நிச்சயமின்மை தருகிறது என்ற கேள்விக்கு எங்களிடமே விடை இல்லாத சமயம் உண்டு. அதை ஒரு மாணவருக்குக் கொடுக்க முடியும்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

முப்பது ஆண்டுக்கு மேல் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்குக் கைடாக இருந்தவன், நேர்காணல் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். குமரன் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்கிறேன்.

விண்ணப்பத்தைச் சலிக்கும்போது பெயர் கண்ணில் படும், உண்மைதான். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு நடப்பது வேறு. துத்தநாக ஆக்சைடு செய்தேன் என்று ஒரு மாணவி சொல்கிறாள். எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் 36.25 டிகிரியில் (101) படிகத் தளத்தின் உச்சம், உச்சத்தின் அகலத்திலிருந்து துகள் அளவு தரும் ஷெரர் சூத்திரம் போட்டுத் துகள் அளவு 22 நானோமீட்டர். "கருவி தானாகவே உச்சத்தை எவ்வளவு அகலிக்கும்? அதைக் கழித்தாயா?" என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். "சிலிக்கான் பொடியின் முதல் உச்சம் 28.44ல் வர வேண்டும், உனக்கு 28.6ல் வந்தால் என்ன நினைப்பாய்?" என்று அடுத்த கேள்வி. கருவியைத் தொட்டவர் உடனே சொல்வார், பொடி தட்டின் மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கிறது, கண்ணாடித் துண்டால் சமப்படுத்தி மறுபடி எடுப்பேன் என்று. தபாலில் டேட்டா வாங்கியவரால் இதைச் சொல்ல முடியாது. குழந்தைகள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கு யாரும் அந்தத் தட்டைக் காட்டவே இல்லை.

பெரிய நிறுவனத்துக்குப் போயும் இதே கதை ஆவதைப் பார்த்திருக்கிறேன். கைடு வெளியூரில், ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் வேலையில் மும்முரம். வந்த பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்து ரிவ்யூ எழுதிவிட்டுச் சான்றிதழோடு திரும்பும். அதனால் மதிம்மா, எந்த இடமானாலும் சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: ஏதாவது ஓர் அளவீட்டை, மாதிரி வைப்பதில் தொடங்கிப் பிழைக்கணக்கு வரைக்கும், நானே செய்ய விடுவீர்களா? ஐஸ் தொட்டியில் நுனி ஏன் 4 டிகிரி பக்கம் போகிறது என்று விளக்கும் மாணவி என் முன்னால் வந்திருந்தால் நான் மேற்கொண்டு அதிகம் கேட்டிருக்க மாட்டேன்.

பொருநை_மதி:

சார், மிக்க நன்றி. அந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன். எனக்கு இன்னொரு கவலை. அப்பாவுக்குப் பலசரக்குக் கடையில் வேலை. இரண்டு மூன்று மாதம் வெளியூரில் தங்கச் செலவு எவ்வளவு ஆகும், பெண் பிள்ளை எங்கே தங்குவாள் என்று இரண்டையும் கேட்கிறார். தப்பாகவும் தோன்றவில்லை.

காரைக்குடி_கயல்:

மதி, இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நீங்கள் கேட்டது நல்லது.

கோடைத் திட்டம் என்றால் உதவித்தொகை இருக்கும், தங்கும் இடமும் பெரும்பாலும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது. சம்பளம் கிடையாது. சில இடங்களில் மாணவர்தான் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் நம் கையிலிருந்து. என் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்த ஒரு தோழிக்கு இடம் கிடைத்தும் இந்தச் செலவால் போகவில்லை. திறமையைப் பார்த்து எடுக்கிறோம் என்று சொல்லும் இடங்கள் இதை யோசிக்க வேண்டும். மாதம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால்கூட எத்தனையோ பிள்ளைகள் வருவார்கள். இதை எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது.

என்னால் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம் காரைக்குடி எங்கள் ஊருக்குப் பக்கம் என்பதுதான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், சிக்ரி, அங்கே இருக்கிறது. 1948ல் அடிக்கல் நாட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்காவிட்டால் அந்த ஊருக்கு அது வந்திருக்காது. பேட்டரி, அரிப்பு, பூச்சு என்று வேலைகள் நடக்கும். மின்வேதியியல் என்ற பெயரைப் பார்த்து இயற்பியல் மாணவர்கள் ஒதுங்க வேண்டாம். அங்கே செய்யும் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) அளவீடு முழுக்க ஏசி சுற்றுதான்.

எனவே முதல் வடிகட்டல், வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ போய்வரக்கூடிய இடம் எது என்று பாருங்கள். கோயம்புத்தூரில் பெரியப்பா வீடு இருக்கிறதே, அது பெரிய பலம். அப்பாவிடமும் அதைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊர் ஊருக்கு ப்ராஜெக்ட் சென்டர்கள் முளைத்திருக்கின்றன. பணம் கட்டினால் தலைப்பு, டேட்டா, ரிப்போர்ட், சான்றிதழ் எல்லாம் தயார். என் ஜூனியர் ஒருத்தி அப்படி ஒன்றில் பணம் கட்டினாள். கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்த எஸ்இஎம் படம் வேறு யாருடையதோ. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தென்பொதிகை:

மதி, நீங்கள் திருநெல்வேலி என்று எழுதியதால் கேட்கிறேன். கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது தெரியுமா? நம் ஊர்க்காரர்கள் பலர் அந்த வழியாகத் தினமும் போவார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் தெரியாது.

திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) அருகே இருப்பதால்தான் அது இங்கே வந்தது. பகலில் தலைக்கு மேலே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், அயனி மண்டலத்தில், கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் குறுகிய பட்டையாக ஓடுகிறது. அதன் காந்தப்புலம் தரையில் உள்ள காந்தமானியில் தெரியும். காலையில் ஏறி, நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு, மாலையில் இறங்கும். அந்த ஓட்டத்தை மட்டும் தனியே பிரிக்க, அது எட்டாத தூரத்தில் உள்ள மும்பைப் பக்க அலிபாக்கின் அளவைத் திருநெல்வேலி அளவிலிருந்து கழிப்பார்கள். அலிபாக் நிலையம் வந்த கதையும் சுவையானது. முதலில் மும்பை கொலாபாவில்தான் அளந்துகொண்டிருந்தார்கள். ஊரில் மின்சார டிராம் வரப்போகிறது, அளவு கெட்டுவிடும் என்று 1904ல் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள்.

சில நாள் மதியத்துக்கு மேல் அந்த மின்னோட்டம் திசை திரும்பி மேற்கு நோக்கி ஓடும். ஏன், எப்போது என்று தேடுவது ஒரு எம்.எஸ்ஸி. மாணவி தொடக்கூடிய கேள்வி. பதிவான தரவை அலசப் பைத்தான் கணினி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், விடுதிச் செலவும் கிடையாது. அங்கே இருக்கும் விஞ்ஞானி ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள்.

குவாண்டம்_குமரன்:

இது எனக்கே தெரியாது. நானும் பாளையங்கோட்டைதான்! இதே மாதிரி கொடைக்கானல் சூரிய ஆய்வகப் படங்களும் இருக்கின்றன. 1904 முதல் எடுத்த ஒளிப்படத் தட்டுகளை டிஜிட்டல் ஆக்கி வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909ல் கண்டது அங்கேதான். ஆனால் ஆசிரியர் சொன்னபடி பார்த்தால், தரவு மட்டும் வைத்துச் செய்வதும் தபாலில் வாங்கிய எக்ஸ்ஆர்டியும் ஒன்றாகிவிடாதா சார்?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:

தரவு எங்கிருந்து, எந்தக் கருவியில், எந்தக் குறையோடு வந்தது என்று தெரிந்து வேலை செய்தால் ஆகாது. இரவு அளவை ஏன் ஒப்பிடும் அடிமட்டமாக எடுக்கிறோம், காந்தப் புயல் அடித்த நாளை ஏன் ஒதுக்குகிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒருநாளாவது அந்தக் காந்தமானியை நேரில் பார்த்துவிட்டு வரட்டும்.

பொருநை_மதி:

பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு உதவி, விஞ்ஞானிகளுக்கு மெயில் எப்படி எழுதுவது? சீனியர்கள் நூறு பேருக்கு அனுப்பினால் ஒருவர் பதில் போடுவார் என்கிறார்கள்.

கடலோரம்:

நூறு பேருக்கு ஒரே மெயில் போனால் அப்படித்தான் ஆகும். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் ப்ராஜெக்ட் செய்ய ஆவல்" என்று தினமும் வருவதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படியுங்கள், முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"நான் எம்.எஸ்ஸி. முதலாண்டு மாணவி. உங்கள் கட்டுரையில் மதிய நேரத் திசைதிரும்பல் பற்றிய மூன்றாவது படத்தைப் பார்த்தேன். அமைதியான நாட்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பைத்தானில் கோப்பைப் படித்து வரைபடம் போடத் தெரியும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாரத்தில் மூன்று நாள் வர முடியும். எங்கள் துறைத்தலைவர் கடிதம் தரத் தயாராக இருக்கிறார்."

இவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலை இணையுங்கள், அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். எந்த நாட்களில் வர முடியும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அளவுகோல்:

கம்பெனிக்கு வருவதானால் ஒன்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கருவியில் எடுத்த எண்களை நீங்கள் ஆய்வேட்டில் போட முடியாது, அது ரகசியம். ஆய்வகத்தின் சொந்த உணரிகளை வைத்துச் செய்யும் வேலையாகக் கேளுங்கள். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று கல்லூரிக்கும் கம்பெனிக்கும் இடையே முதல் வாரத்திலேயே ஒரு கடிதம் இருந்தால் கடைசியில் சிக்கல் வராது. ரிப்போர்ட்டை ஒப்படைக்கும் நேரத்தில் பாதிப் பக்கத்தை நீக்கச் சொன்ன இடமும் எனக்குத் தெரியும்.

அப்புறம், மதி வேலைக்குப் போகலாம் என்றும் யோசிப்பதால் சொல்கிறேன். பட்டம் முடித்த பிறகு நாட்ஸ் என்ற மத்திய அரசுத் தொழிற்பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையோடு ஓராண்டு சேரலாம், சென்னை தரமணியில் அதற்கான அலுவலகம் இருக்கிறது. கல்பாக்கம், மும்பை அணுசக்திப் பயிற்சிப் பள்ளிகளுக்கு கேட் தேர்வு மதிப்பெண் வைத்தும் அழைக்கிறார்கள். அந்த நேர்காணலில் அடிப்படையைத்தான் குடைவார்கள்.

பொருநை_மதி:

எல்லோருக்கும் நன்றி. இன்று துறைத்தலைவரிடம் பேசினேன். ஸ்டிபாக்குக்கும் அகாடமி திட்டத்துக்கும் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கிறேன். இந்தக் கோடையில் அவை கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் பெரியப்பா வீட்டில் தங்கி ஐஸ் தொட்டி வேலை. நான்காம் செமஸ்டருக்குக் கிருஷ்ணாபுரம். அங்கே ஒருவருக்கு மெயில் அனுப்பிவிட்டேன், கட்டுரையில் புரியாத இடத்தையும் கேட்டிருக்கிறேன். அப்பா சம்மதித்துவிட்டார்.

சின்னப்பொண்ணு_பிஎஸ்ஸி:

அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்ஸி. முதலாண்டு, அரசுக் கல்லூரி. எங்களுக்கு ஏதாவது உண்டா, இல்லை எம்.எஸ்ஸி. வரை காத்திருக்க வேண்டுமா?

காரைக்குடி_கயல்:

காத்திருக்க வேண்டாம்மா. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் என்ஐயுஎஸ் என்ற திட்டம் இளநிலை மாணவர்களுக்கானது, முகாமுக்கு அழைத்து, தேறியவர்களுக்கு ப்ராஜெக்ட்டும் கொடுப்பார்கள். அறிவிப்பை அவர்கள் தளத்தில் பார். பரிந்துரைக் கடிதம் தேவைப்படலாம். உன் ப்ராக்டிகல் எடுக்கும் மேடமிடம் இப்போதே போய்ப் பேசு, கடைசி நாளில் போய் நிற்காதே.